முசோலினியின் முதல் நிதியமைச்சர்: பாசிச அரசில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர்

பாசிசப் பொருளாதாரம் என்றதும் பலருக்கும் ஒரே சித்திரம்தான் தோன்றும். தொழிற்சாலை, வங்கி, சந்தை, கூலி என எல்லாமே அரசின் பிடிக்குள் இருக்கும். 1930-களின் இத்தாலிக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் முசோலினி ஆட்சிக்கு வந்த முதல் மூன்று ஆண்டுகளில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அரசு தன் தொலைபேசித் தொடர்புகளைத் தனியாருக்குக் கைமாற்றியது. ஆயுள் காப்பீட்டில் தனக்கிருந்த ஏகபோகத்தைக் கைவிட்டது. தீப்பெட்டி விற்பனையைக்கூட உற்பத்தியாளர்களிடம் விட்டுவிட்டது. ஊழியர்களைக் குறைத்தது, செலவைச் சுருக்கியது, கடைசியில் பட்ஜெட்டில் உபரியும் காட்டியது.

இவ்வளவையும் முன்னின்று செய்தவர் அல்பெர்டோ டி ஸ்டெஃபானி என்ற பொருளாதாரப் பேராசிரியர். 1922 அக்டோபர் 31 முதல் 1925 ஜூலை வரை அவர் முசோலினியின் நிதியமைச்சராக இருந்தார். சர்வாதிகாரம் வேர்விடும் காலத்தில் ஒரு நிபுணர் அரசுக்குள் போனால் அவருக்கு என்ன கிடைக்கிறது, எதை இழக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள இவரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பொருளாதாரம் படிக்காதவர்களும் பின்தொடரும்படி இதைச் சொல்ல முயல்கிறேன்.

1879-இல் வடஇத்தாலியின் வெரோனா நகரில் பிறந்தவர் டி ஸ்டெஃபானி. புனித அந்தோணியாரால் தமிழர்களுக்கும் பழக்கமான பதுவை நகரில் சட்டம் படித்தார். பிறகு ஆசிரியப் பணி, முதல் உலகப் போரில் தானே விரும்பிச் சேர்ந்த போர்ப்பணி. அரசு சந்தையில் கூடியவரை தலையிடக் கூடாது, வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், சுங்க வரி குறைவாக இருக்க வேண்டும் என்ற தாராளவாதப் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர். இன்றைய பத்திரிகை நடையில் சொன்னால் சந்தை ஆதரவாளர்.

அவரை வெறும் புத்தகப் புழு என்று எண்ணிவிடக் கூடாது. 1921 மே தேர்தலில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த 35 பாசிச உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1922 அக்டோபர் தொடக்கத்தில், ஜெர்மன் மொழி பேசும் மக்கள் வாழும் போல்ஸானோ நகருக்குள் பாசிசக் கட்சியின் அடியாள் படையான கறுப்புச் சட்டைப் படையினர் புகுந்து, பள்ளியையும் நகராட்சி அலுவலகத்தையும் கைப்பற்றி, பல ஆண்டுகளாக மேயராக இருந்த யூலியஸ் பெராதோனரை வெளியேற்றினார்கள். அந்தப் படையெடுப்பின் தலைவர்களில் ஒருவர் இந்தப் பேராசிரியர். ஆகவே, பாசிசம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் உள்ளே போன அப்பாவி அறிஞர் என்று அவரைப் பற்றி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வன்முறையை அவர் கண்ணெதிரே பார்த்திருந்தார்.

அந்த மாத இறுதியில் ஆட்சியைக் கேட்டுப் பாசிசப் படைகள் தலைநகர் ரோமை நோக்கி அணிவகுத்தன. அவர்களைத் தடுப்பதற்கான நெருக்கடி நிலை ஆணையில் கையெழுத்திட மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மறுத்தார். முசோலினி பிரதமரானார். அது ஒரு கூட்டணி அமைச்சரவை. கத்தோலிக்க மக்கள் கட்சி, தாராளவாதிகள், தேசியவாதிகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். நிதித்துறை டி ஸ்டெஃபானிக்கு வந்தது. கருவூலத்துறை மக்கள் கட்சியின் வின்சென்ஸோ தங்கோராவிடம் போனது. தங்கோரா டிசம்பரில் இறந்துவிட, இரு துறைகளும் ஒன்றாகி டி ஸ்டெஃபானியின் கைக்கே வந்து சேர்ந்தன.

இத்தாலி அப்போது கடனில் மூழ்கிக் கிடந்தது. 1915 முதல் 1918 வரையிலான போருக்காக அச்சடித்த பணமும் வாங்கிய கடனும் இத்தாலிய நாணயமான லிராவின் மதிப்பைக் கரைத்திருந்தன. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர்க்கடன் பாக்கி இருந்தது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது. அந்தத் துண்டை மேலும் கடன் வாங்கியோ நோட்டு அடித்தோதான் ஈடுகட்ட முடியும். இரண்டுமே விலைவாசியை ஏற்றும். 1921 டிசம்பரில் பாங்கா இத்தாலியானா தி ஸ்கோந்தோ என்ற பெரிய வங்கி கதவை மூடியது. சேமித்து வைத்திருந்த நடுத்தர வர்க்கம் நடுங்கிப்போயிருந்தது. ‘யாராவது ஒருவர் வந்து கணக்கை ஒழுங்குபடுத்தினால் போதும்’ என்ற மனநிலைக்கு நாட்டின் ஒரு பெரும் பகுதி வந்திருந்தது.

இனி வருவதுதான் இந்தக் கதையின் அச்சாணி. 1922 டிசம்பர் 3-ஆம் தேதி நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வரி அமைப்பையும் அரசு நிர்வாகத்தையும் மாற்றியமைக்க 1923 டிசம்பர் 31 வரை அரசுக்கு முழு அதிகாரம் தருகிறோம் என்பது அதன் சாரம். சாதாரணமாக ஒரு நிதியமைச்சர் புதிய வரி போட வேண்டுமானால் மசோதா கொண்டுவர வேண்டும், குழு அதை ஆராயும், எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், திருத்தம் வரும். முழு அதிகாரம் இருந்தால் இவை எதுவும் தேவையில்லை. அமைச்சர் ஆணையைத் தயாரிப்பார், மன்னர் கையெழுத்திடுவார், அது சட்டமாகிவிடும். அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவர்களில் பாசிஸ்டுகள் சிறுபான்மை. நல்ல எண்ணத்தோடு கைதூக்கிய தாராளவாதிகளே அதிகம். கணக்கு நேராகும் வரை தாங்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

இந்த அதிகாரத்தைக் கொண்டு டி ஸ்டெஃபானி வேகமாக வேலை செய்தார். முதல் ஆணைகளில் ஒன்று பங்குகளையும் கடன் பத்திரங்களையும் பற்றியது. பழைய தலைவர் ஜொலித்தியின் அரசு 1920-இல் ஒரு சட்டம் போட்டிருந்தது. பத்திரம் வைத்திருப்பவரின் பெயர் பதிவாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். பெயர் தெரிந்தால்தான் யாரிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். வரியும் வாங்க முடியும். 1922 நவம்பரில், பதவியேற்ற சில நாள்களிலேயே, இந்தப் பதிவுக் கட்டாயம் நீக்கப்பட்டது. 1923 ஆகஸ்டில் நெருங்கிய குடும்பத்துக்குள் கைமாறும் சொத்துக்கான வாரிசு வரியும் போனது. சேமிப்பவரையும் முதலீடு செய்பவரையும் விரட்டினால் மூலதனம் ஓடிவிடும், உற்பத்தி வளராது என்பது அவர் தரப்பு வாதம். அதே காலத்தில் வேளாண் வருமானத்தின் மீது புதிய வரி வந்தது. அதன் சுமை நில உரிமையாளரோடு குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்களின் தோளிலும் இறங்கியது. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் பக்கம் சாய்ந்த சீர்திருத்தம் இது என்பது விளங்கும். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிதறிக் கிடந்த பல வரிகளை அவர் ஒழுங்குபடுத்தினார், வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும் ஒரு துணை வருமான வரிக்கும் ஆணையிட்டார். பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரான பொருளியலாளர் லூயிஜி எய்னாவ்தி அந்தத் தொடக்க ஆண்டுகளில் இவருடைய நிதிக் கொள்கையைப் பாராட்டியே எழுதினார். அவரே பிறகு பாசிசத்தை எதிர்த்தார்.

தீப்பெட்டியின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் தனியார்மயம் என்பதன் பல முகங்கள் அதில் தெரிகின்றன. போர்க்காலத்தில் வருவாய்க்காக அரசு தீப்பெட்டி விற்பனையைத் தன் ஏகபோகமாக்கியிருந்தது. 1923-இல் அந்த ஏகபோகம் முடிந்தது. அதனால் சந்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதா? இல்லை. ஏற்கெனவே தீப்பெட்டி செய்துவந்த நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. விற்பனை உரிமை அந்தக் கூட்டமைப்புக்குப் போனது. பெட்டியில் ஒட்டும் வரி முத்திரை வழியாக அரசுக்கு வருவாய் தொடர்ந்து வந்தது. புதிதாக ஒருவர் தொழில் தொடங்க வழி கிடைக்கவில்லை. அரசின் ஏகபோகம் தனியார் சிலரின் ஏகபோகமாக மாறியது, அவ்வளவுதான். ஆயுள் காப்பீட்டிலும் ஏறத்தாழ இதே கதை. 1912-இல் உருவான அரசு நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 1923-இல் நீங்கியதும், அதன் பலன் பெருமளவு ஜெனராலி உள்ளிட்ட இரண்டு பெரிய தனியார் நிறுவனங்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தொலைபேசி 1925-இல் நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து ஐந்து நிறுவனங்களிடம் தரப்பட்டது; ஒவ்வொன்றுக்கும் தன் மண்டலத்தில் போட்டியே கிடையாது. சந்தைப் போட்டியை வகுப்பறையில் போதித்தவரின் ஆட்சிக்காலத்தில் உண்மையில் நடந்தது இது. கொள்கையளவில் அவர் விரும்பியது இதுதானா என்பதைவிட, அவரைத் தாங்கி நின்ற தொழிலதிபர்கள் விரும்பியது இது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆட்குறைப்பிலும் இதே இரட்டை முகம் உண்டு. இரயில்வேயில் உபரி ஊழியர்கள் இருந்தது உண்மை, நட்டமும் உண்மை. ஆனால் பல்லாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது, சோசலிசத் தொழிற்சங்கத்தில் முன்னணியில் நின்றவர்களும் வேலைநிறுத்தம் செய்தவர்களும் அந்தப் பட்டியலில் எளிதாகச் சேர்ந்தார்கள். சிக்கன நடவடிக்கையும் அரசியல் களையெடுப்பும் ஒரே ஆணையில் நடந்தன. வேறு நாட்டில், வேறு காலத்தில் என்றால் அத்தனை பேரை நீக்கும் அமைச்சர் வேலைநிறுத்தத்தைச் சந்தித்திருப்பார். இங்கே சங்க அலுவலகங்கள் எரிக்கப்பட்டிருந்தன, தலைவர்கள் அடிபட்டோ தலைமறைவாகவோ இருந்தார்கள். சீர்திருத்தத்தின் வேகத்துக்குப் பின்னால் இருந்த இந்த விலையைக் கணக்கில் சேர்க்காமல் அவருடைய பட்ஜெட்டைப் புகழ முடியாது.

பட்ஜெட் சமநிலைக்கு வந்தது. 1924-25 நிதியாண்டில் 417 மில்லியன் லிரா உபரி. பெரிய சாதனை என்று அரசு கொண்டாடியது. வெளிநாட்டு வங்கியாளர்களும் மெச்சினார்கள். இந்த வெற்றியில் எவ்வளவு அவருடையது? இங்கே ஒரு ரொட்டித் துண்டின் கதை உதவும். போருக்குப் பிறகு ரொட்டி விலை ஏறாமல் இருக்க இத்தாலிய அரசு கோதுமைக்குப் பெரும் மானியம் கொடுத்துவந்தது. கருவூலத்தின் மிகப் பெரிய ஓட்டைகளில் அது ஒன்று. மக்கள் கோபத்துக்கு அஞ்சி யாரும் அதைத் தொடத் துணியவில்லை. கடைசியில் 1921-இல் ஜொலித்திதான் அதை நீக்கினார், அதுவும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு. போர் ஒப்பந்தங்களுக்கான பழைய பாக்கிகளும் ஆண்டுக்கு ஆண்டு தானாகவே குறைந்துவந்தன. ஐரோப்பியப் பொருளாதாரம் மீண்டெழுந்ததால் ஏற்றுமதியும் வரி வருவாயும் கூடின. அதாவது, டி ஸ்டெஃபானி பதவியேற்கும் முன்பே பற்றாக்குறை இறங்கத் தொடங்கிவிட்டது. அவர் அதை விரைவுபடுத்தினார், முடித்தும் வைத்தார். முழுப் பெருமையும் அவருக்குச் சேராது.

இந்தக் கணக்கை அப்போதே உரக்கச் சொன்ன ஒருவர் இருந்தார். ஜாகொமோ மத்தேயோத்தி, சோசலிஸ்ட் உறுப்பினர். பேச்சாற்றலுக்காக மட்டும் அவர் பெயர் பெறவில்லை. பட்ஜெட் கணக்குகளை வரிவரியாகப் படித்து அரசின் எண்களை அரசின் ஆவணங்களாலேயே மறுக்கும் திறமை அவருக்கு இருந்தது. 1924 மே 30 அன்று தேர்தல் வன்முறையை அவையில் அம்பலப்படுத்தினார். ஜூன் 11 அன்று இடைக்காலப் பட்ஜெட் மீதான விவாதத்தில் பேசுவதாக இருந்தது. ஜூன் 10 அன்று ரோமில் தைபர் ஆற்றங்கரைச் சாலையில் பட்டப்பகலில் அவரைக் காரில் கடத்திக் கொன்றார்கள். ஆகஸ்டு நடுவில்தான் உடல் கிடைத்தது.

இந்தக் கொலையால் அரசே ஆட்டம் கண்டது. டி ஸ்டெஃபானியும், ஃபெதெர்ஸோனி, ஜென்தீலே, ஓவீலியோ ஆகிய மூன்று அமைச்சர்களும் பதவி விலகத் தயார் என்று முசோலினியிடம் தெரிவித்து, ஆட்சியைச் சட்ட வழிக்குத் திருப்பச் சொன்னார்கள். ஃபெதெர்ஸோனிக்கு உள்துறை கொடுத்து முசோலினி நிலைமையைச் சமாளித்தார். டி ஸ்டெஃபானி பதவியில் நீடித்தார். என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் உண்மையான திருப்பம் அதுதான். தன் பட்ஜெட்டை அவையில் எதிர்த்து வாதிட இருந்தவரைக் கொன்றுபோட்ட கட்சியின் அரசில் அவர் அடுத்த ஓராண்டு நிதியமைச்சராக இருந்தார். அந்த உபரி பட்ஜெட் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அவருடைய வீழ்ச்சி பங்குச் சந்தையிலிருந்து வந்தது. 1924 இறுதியிலும் 1925 தொடக்கத்திலும் இத்தாலியப் பங்குகளின் விலை தாறுமாறாக ஏறியது. பெரும்பகுதி முன்பேர வணிகம். இதை விளக்க ஒரு வரி போதும்: பத்திரப்பதிவுக்கு முன்பே, முன்பணம்கூடக் கொடுக்காமல், ஒரு மனையை ‘வாங்கியதாக’ வாய்வழிப் பேசி, விலை ஏறியதும் அடுத்தவருக்கு விற்று இடையில் லாபம் பார்ப்பது போன்றது அது. மாத இறுதியில் கணக்குத் தீர்க்கும் நாளுக்குள் விற்றுவிட்டால் கையிலிருந்து ஒரு காசும் போட வேண்டியதில்லை. விலை ஏறும் வரை எல்லோரும் கெட்டிக்காரர்கள். இறங்கத் தொடங்கினால் வங்கிகள் உட்படச் சங்கிலித்தொடராக விழுவார்கள்.

இந்தச் சூதாட்டம் லிராவையும் வங்கிகளையும் கெடுக்கும் என்று டி ஸ்டெஃபானி அஞ்சினார். அச்சம் நியாயமானதே. 1925 பிப்ரவரி இறுதியில் ஆணை வந்தது: முன்பேரமாகப் பங்கு வாங்குகிறவர் அதன் மதிப்பில் 25 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். தரகர்களுக்கும் கடும் விதிகள் வந்தன. பாடநூலில் படித்தால் இது சரியான மருந்து. ஆனால் கொடுத்த வேகம் தவறு. பணம் கட்ட முடியாதவர்கள் கூட்டமாக விற்க, விலை சரிந்தது. தரகர்களும் வங்கியாளர்களும் தொழிலதிபர்களும் கொதித்தெழுந்தார்கள். லிராவும் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க அவர் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை.

முன்பு வரி விஷயத்திலும் ஆட்குறைப்பிலும் அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்கும் அவை செயலற்றிருந்தது அவருக்கு வசதியாக இருந்தது. இப்போது அதே நிலைமை திரும்பி அவரைத் தாக்கியது. அவர் பக்கம் வாதாட ஒரு நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லை. கொள்கை சரியா என்று வெளிப்படையாக விவாதிக்கச் சுதந்திரமான பத்திரிகை இல்லை. அமைச்சர் நீடிப்பாரா என்பது ஒரே ஒரு மனிதரின் தீர்மானம். அந்த மனிதருக்குப் பேராசிரியரைவிட வங்கியாளர்களும் தொழிலதிபர்களும் அதிகம் தேவைப்பட்டார்கள். 1925 ஜூலை 10 அன்று டி ஸ்டெஃபானி வெளியே. வெனிஸைச் சேர்ந்த மின்சாரத் தொழிலதிபர் ஜூசெப்பே வோல்பி உள்ளே.

அவர் கட்டியது அதன் பிறகு வேகமாகக் கலைந்தது. இரண்டே வாரத்தில், ஜூலை 24 அன்று, போர்க்காலத்தில் நிறுத்தி வைத்திருந்த கோதுமை இறக்குமதி வரி திரும்ப வந்தது. உள்நாட்டிலேயே போதிய கோதுமை விளைவிப்போம் என்ற ‘கோதுமைப் போர்’ பிரசாரம் அதிலிருந்து கிளம்பியது. சுங்க வரியைக் குறைக்க விரும்பியவருக்கு அதைவிடத் தெளிவான பதில் வேறில்லை. லிராவின் வீழ்ச்சியை வோல்பியாலும் உடனே நிறுத்த முடியவில்லை. 1926 கோடையில் ஒரு பவுண்டுக்கு 150 லிராவுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் பெஸாரோ நகரில் முசோலினி லிராவைக் கடைசி மூச்சுவரை காப்பேன் என்று பேசினார். 1927 டிசம்பரில் பவுண்டுக்கு 92.46 லிரா என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. பொருளாதாரத் தர்க்கத்தைவிடக் கௌரவத்துக்காக வைத்த விகிதம் அது. ஏற்றுமதித் தொழில்கள் அடிவாங்கின, தொழிலாளர் கூலி வெட்டப்பட்டது. உலகப் பெருமந்தம் வந்ததும் பெரிய வங்கிகளே தள்ளாடின. 1933-இல் ஐ.ஆர்.ஐ. என்ற அரசு நிறுவனம் உருவாகி, வங்கிகளின் கையிலிருந்த தொழில் பங்குகளை எல்லாம் வாங்கிக்கொண்டது. டி ஸ்டெஃபானி காலத்தில் தனியாருக்குப் போன ஐந்து தொலைபேசி நிறுவனங்களில் மூன்று அதன் வழியாக மீண்டும் அரசிடமே வந்தன. 1941-இல் பங்குகளுக்குப் பெயர்ப் பதிவும் திரும்பியது. இத்தனையையும் மாற்றியது ஏதோ எதிர்க்கட்சி ஆட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அதே முசோலினி, அதே கட்சி.

பாசிசத்துக்கென ஒரு நிலையான பொருளாதாரக் கொள்கை உண்டா என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். சந்தை ஆதரவும் அரசு முதலாளித்துவமும் அடுத்தடுத்து வந்து போயின. மாறாமல் இருந்தவை இரண்டு: தொழிற்சங்கம் இல்லாத தொழிலாளி, எதிர்க்கட்சி இல்லாத அவை.

பதவி போன பிறகு டி ஸ்டெஃபானி ரோம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார், செய்தித்தாள்களில் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதினார். கட்சியை விட்டு விலகவில்லை. கட்சியின் உச்ச அமைப்பான பாசிசப் பெருமன்றத்தில் இடமும் பெற்றார். 1937-இல் சீனாவுக்குப் போய் சியாங் கை ஷேக்கின் அரசுக்கு ஆலோசகராக இருந்தார். இத்தாலி எத்தியோப்பியாவின் மீது படையெடுத்ததும், யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் போட்டதும் அவர் கட்சியில் இருந்த அந்த ஆண்டுகளில்தான்.

1943 ஜூலை 24 இரவு பெருமன்றம் கூடியது. நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கிவிட்டன, ரோம் மீது குண்டு விழுந்துவிட்டது. படைகளின் தலைமையை மன்னரிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று தீனோ கிராந்தி கொண்டுவந்த தீர்மானத்துக்கு 19 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். அவர்களில் டி ஸ்டெஃபானியும் ஒருவர். மறுநாள் முசோலினி கைதானார். ஜெர்மானியர்கள் அவரை மீட்டு வடக்கே ஒரு பொம்மை அரசில் உட்கார வைத்ததும், அந்த 19 பேர் மீதும் துரோக வழக்கு நடந்தது. விசாரணை நடந்த ஊர் டி ஸ்டெஃபானி பிறந்த வெரோனா. 1944 ஜனவரி 11 அன்று, முசோலினியின் மருமகன் சியானோ உட்பட ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். டி ஸ்டெஃபானிக்கும் மரண தண்டனைதான். ஆனால் அவர் ரோமில் தலைமறைவாக இருந்ததால் தப்பினார். போருக்குப் பிறகு இத்தாலியக் குடியரசிலும் வழக்கைச் சந்தித்து, தண்டனையின்றி வெளியே வந்தார். 1969 ஜனவரியில் தம் 89-ஆம் வயதில் இறந்தார்.

அவருடைய பணியில் நிலைத்தது பலரும் கவனிக்காத ஒன்று. 1923 நவம்பரில் அரசின் கணக்கு வைப்பு முறைக்கு அவர் கொண்டுவந்த ஆணை: எந்தச் செலவுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும், அரசு ஒப்பந்தங்களை எப்படிப் போட வேண்டும், கருவூலத்தின் கணக்கை யார் சரிபார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அது வகுத்தது. முசோலினி போய், மன்னராட்சி போய், குடியரசு வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் அந்த ஆணையின் பகுதிகள் இத்தாலியில் நடைமுறையில் இருந்துவருகின்றன.